இரண்டு எஞ்சின், ஒரு கயிறு

ஒரெஸ்டின் முஷ்டி வாயில் விழுந்ததும், கார்னி மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதைகள் ரத்தத்தோடு விமானக் கொட்டகையின் தரையில் சிதறின. அவற்றுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பல் கிடந்தது.

கார்னி விழவில்லை. பின்னாலிருந்த வேலை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழுதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. ஆனால் கை மேலே எழவில்லை. அவன் வன்முறையை ஏற்காத மெனோனைட் கிறிஸ்தவச் சபையில் பிறந்தவன். அவன் குடும்பத்தில் பல தலைமுறைகளாக யாரும் யாரையும் திருப்பி அடித்ததில்லை. அதுதான் ஒரெஸ்டின் வெறியை இன்னும் ஏற்றியது.

"அடிடா! ஒரு தடவையாவது திருப்பி அடிச்சுத் தொலையேன்டா!"

கார்னி ரத்தத்தைத் துப்பினான். "கை வலிக்குதா மச்சான்? ஐஸ் வேணுமா?"

ஒரெஸ்ட் மறுபடி பாய்ந்தான். இருவரும் மேசையோடு சரிந்தார்கள். ஒரெஸ்ட் அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து சட்டைக் கழுத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பீச்சியடித்தது. வாசலில் ஓடுபாதையைப் பராமரிக்கும் ரெனே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க ஊர்ல நாய்ச் சண்டைக்கு இதுதான் வைத்தியம்," என்றார் ரெனே. "இன்னும் வேணுமா, போதுமா?"

சண்டை ஓர் எஞ்சினைப் பற்றியது.

கனடாவில், மனிடோபாவின் தெற்குக் கோடியில், கனோலா எண்ணெய்வித்து வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் புல் ஓடுபாதையின் ஓரத்தில், மச்சான்மார் இருவரும் ஆறு குளிர்காலமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை ஆணி ஆணியாகக் கோத்து, இரண்டு பேர் உட்காரும் விமானமாக நிறுத்திவிட்டார்கள். மூக்கு மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் எந்த எஞ்சினை மாட்டுவது என்பதில்தான் இழுபறி.

ஒரெஸ்ட் கொண்டுவந்தது பழைய விமான எஞ்சின். முப்பது வருடம் பயிற்சி விமானத்தில் உழைத்தது. எண்ணெய் ஒழுகும், கனம் அதிகம். ஆனால் புரொப்பெல்லர் நேராக அதன் தண்டிலேயே முடுக்கப்பட்டிருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. கார்னி கொண்டுவந்தது ஒரு சின்னக் காரின் எஞ்சின். கார் எஞ்சின் சுற்றும் வேகம் புரொப்பெல்லருக்கு ஆகாது. அதனால் பற்கள் கொண்ட அகலமான பெல்ட் ஒன்றைப் பூட்டி வேகத்தைக் குறைத்திருந்தான். இரண்டு குளிர்காலம் அதற்கே உழைத்தான். எடை குறைவு, பெட்ரோல் பாதிதான் குடிக்கும்.

ஒரெஸ்ட் அதைப் புல்வெட்டும் மெஷின் என்பான். கார்னி சிரித்துக்கொண்டே விதையை உரிப்பான். இப்படியே ஒரு வருடம் ஓடியது. அன்று மட்டும் கார்னி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டான்.

"ஹார்வி மாட்டினது மட்டமான பெல்ட்டு, ஒரெஸ்ட். ஒழுங்காக் கட்டியிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்."

அப்போதுதான் முஷ்டி பறந்தது.

ஒரெஸ்டின் நண்பன் ஹார்வி இதே ஓடுபாதையிலிருந்து, கார் எஞ்சின் வைத்த விமானத்தில், ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம் கிளம்பினான். மரங்களுக்கு மேலே போகும்போது பெல்ட் அறுந்தது. திரும்பி வரப் பார்த்தான். ஓர் இறக்கை சரிந்து, மஞ்சள் பூத்த கனோலா வயலில் தலைகுப்புற விழுந்தான். முதலில் ஓடிப்போனவன் ஒரெஸ்ட். நெருப்புக்குள் கையை விட்டு ஹார்வியின் கையைப் பிடித்து இழுத்தான். கை வரவில்லை. தோல் மட்டும் கையுறை உரிவதுபோல் உரிந்து வந்தது. அதன் பிறகும் ஹார்வி கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தான்.

ஒரெஸ்ட் இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும், அதாவது கார்னியின் அக்கா டீனாவிடமும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடமும் சொல்லவில்லை. விமானம் ஓட்டும் உரிமம் அவனிடம் மட்டும்தான் இருந்தது. கார்னிக்கு ஓட்டத் தெரியாது. புது விமானம் முதல் தடவை மேலே போகும்போது உள்ளே தனியாக உட்காரப்போகிறவன் ஒரெஸ்ட்தான். பெல்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் உள்ளங்கையில் அந்தத் தோலின் வழுவழுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பயம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. ஏளனம் செய்வது சுலபமாக இருந்தது. அடிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

ரெனே குழாயைக் கீழே போட்டுவிட்டு, "கயித்தைக் கட்டி இழுத்துப் பாருங்கடா," என்றார். "ரெண்டு எஞ்சினும் ட்ரெய்லர்லதானே நிக்குது? வாலுக்கு வால் கட்டுங்க. எது எதை இழுக்குதோ அதை மாட்டுங்க. பல்லாவது மிஞ்சும்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஒரெஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டான். "சனிக்கிழமை. எல்லார் முன்னாடியும். இழுக்கிறதுதான் பறக்கும்."

கார்னி ஒரு துணியை வாயில் அழுத்திக்கொண்டான். "உனக்கு அதுதான் வேணும்னா சரி," என்றான்.

சனிக்கிழமை காலை, மாதாந்திரப் பான்கேக் விருந்துக்கு வந்த நாற்பது ஐம்பது பேர் தட்டும் கையுமாகக் கொட்டகை ஓரத்தில் கூடினார்கள். இரண்டு ட்ரெய்லர்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எஞ்சின், அதன் முன்னால் மரப் புரொப்பெல்லர். நடுவில் கட்டைவிரல் பருமனில் நைலான் கயிறு. கார்னியின் பக்கம் கயிறு முடிச்சாகக் கட்டியிருந்தது. ஒரெஸ்ட் தன் பக்கத்துக் கயிற்று நுனியில் பழைய டிராக்டர்க் கொக்கி ஒன்றைக் கட்டி, அதை ட்ரெய்லரில் மாட்டினான்.

"ஒரெஸ்ட், தோத்தா அழக் கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"நீ முதல்ல வாயில இருக்கிறதை முழுங்கு!" என்று இவனும் கத்தினான்.

எஞ்சின்கள் உறுமின. ஒரெஸ்ட் ட்ரெய்லரின் பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி நின்று, வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் பிடியை மெல்லத் தள்ளினான். கயிறு விறைத்தது. தட்டுகள் பறந்தன, தொப்பிகள் பறந்தன. வைக்கோல் தூசி முகத்தில் ஊசியாகக் குத்தியது. கார்னியின் எஞ்சின் சீறிக்கொண்டு ஒரெஸ்டின் ட்ரெய்லரை ஓர் அடி பின்னால் இழுத்தது. ஒரெஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். ட்ரெய்லர் நின்ற இடத்தில் நடுங்கியது. கயிறு வீணைத் தந்தியைப் போலப் பாடத் தொடங்கியது.

அப்போது எதிர்ப்பக்கத்துச் சீற்றம் தணிந்தது. திரும்பிப் பார்த்தான். கார்னி ஒரு கையால் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். வாய் ஏதோ கத்தியது. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

தோற்றுவிட்டான் என்று ஒரெஸ்டுக்குத் தோன்றியது. அந்த நொடியில் அவன் மனத்தில் இரக்கம் இல்லை. இறைவன் மன்னிக்கட்டும், மகிழ்ச்சிதான் இருந்தது. பிடியைக் கடைசிவரை தள்ளினான்.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கொக்கி வாய் விரிந்து கழன்றது. ஒரெஸ்டின் ட்ரெய்லர் துள்ளிப் பாய்ந்து அவனைத் தரையில் உருட்டிவிட்டு, நிற்கும் விமானங்களைச் சங்கிலியால் பிணைத்துவைக்கும் சிமெண்டுக் கட்டையில் போய் மோதியது. மரப் புரொப்பெல்லர் சுக்குநூறாகச் சிதறியது. எஞ்சின் ஒரே அடியில் செத்துப்போனது. கயிறு, நுனியில் இருந்த இரும்போடு எதிர்ப்பக்கம் சுண்டிப் பறந்தது.

கார்னி உட்கார்ந்திருந்தான். ஏன் உட்கார்ந்தோம் என்று அவனுக்கே புரியவில்லைபோல் முகம் இருந்தது. வலது தொடை பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ரத்தம் நாடித்துடிப்புக்கு ஏற்றபடி விட்டுவிட்டுப் பீறிட்டு அவன் முகத்திலேயே தெறித்தது.

ஒரெஸ்ட் எப்படி ஓடினான் என்று அவனுக்கு நினைவில்லை. இடுப்பு பெல்ட்டை உருவித் தொடையின் மேலே கட்டி இறுக்கினான். ரத்தம் நிற்கவில்லை. முஷ்டியை மடக்கிக் காயத்துக்குள் நுழைத்து அழுத்தினான். கார்னி மிருகம்போல் அலறினான். சூடாக, வழுவழுப்பாக ஏதோ ஒரெஸ்டின் விரல்களுக்கு அடியில் துடித்தது. அதை எலும்போடு சேர்த்து நசுக்கினான். துடிப்பு நின்றது, ரத்தமும் மட்டுப்பட்டது.

"என் எஞ்சின்..." கார்னியின் உதடு அசைந்தது. "நிறுத்தச் சொல்லு. சூடாயிடும்..."

"வாயை மூடுடா! செத்துக் கித்துத் தொலைஞ்சே, கொன்னுடுவேன்!"

ரெனே எஞ்சினை நிறுத்தினார். யாரோ ஒரு பெண் தன் கோட்டை மடித்துக் கார்னியின் தலைக்குக் கீழே வைத்தாள். முன்பின் தெரியாத ஒருவர், வெயில் அவன் கண்ணில் படாமல் பான்கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிடம் அசையாமல் நின்றார். அவர் பெயர் ஒரெஸ்டுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. அந்த நிழலுக்காக அவன் இன்றும் தேவாலயத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறான்.

கையை எடுக்க ஆம்புலன்ஸ்காரர்கள் விடவில்லை. மணிக்கட்டுவரை மச்சானின் தொடைக்குள் வைத்தபடியே ஒரெஸ்ட் வின்னிபெக் ஆஸ்பத்திரிவரை முழங்காலில் உட்கார்ந்து போனான். வழியெல்லாம் சிறுவயதில் படித்த ஜெபத்தைப் பாதி மறந்து பாதி சொல்லிக்கொண்டே போனான்.

கால் தப்பியது. ஐந்தாம் நாள்தான் கார்னியால் பேச முடிந்தது. டீனா தம்பிக்குச் சூப் ஊட்டிவிட்டுக் கணவனை ஏறெடுத்தும் பார்க்காமல் வெளியே போனாள்.

"ஏன்டா கையைத் தூக்கினே?" என்று கேட்டான் ஒரெஸ்ட். "தோத்துட்டேன்னுதானே?"

"எவன்டா தோத்தான்?" கார்னியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "உன் கொக்கி வாயைத் திறந்துடுச்சு. நீ சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கிறே. கழண்டா ட்ரெய்லர் உன்மேல ஏறிடும். அதான் குறைச்சேன். நீயும் குறைப்பேன்னு நினைச்சேன்."

ஒரெஸ்ட் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. முகத்தைத் திருப்பாமலேயே, ஹார்வியின் கையைப் பற்றிச் சொன்னான். தோலைப் பற்றிச் சொன்னான். அந்தக் கத்தலைப் பற்றிச் சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்கு கார்னி. உன் எஞ்சின் மட்டம்னு இல்ல. பயம். அவ்வளவுதான்."

கார்னி தலையணையில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். பிறகு, "ஒன்பது வருஷமா இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம, என் பல்லை உடைச்சியா?" என்றான்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கார்னிக்குத் தையல் வலித்து, நர்ஸ் ஓடி வந்தாள்.

அவள் போனதும் ஒரெஸ்ட், "உன் எஞ்சினையே மாட்டிடலாம்," என்றான்.

"போடா. பாவத்தைக் கழுவவா எஞ்சின் மாட்டுறது? உன்னுதைப் பிரிச்சுப் பாரு. தண்டு நேரா இருந்தா அதுதான் பறக்கும். நானே முடுக்கித் தரேன்."

"உன்னுதைத்தான் மாட்டுவேன்!"

"உன்னுதைத்தான்டா மாட்டணும்!"

நர்ஸ் மறுபடி வந்து ஒரெஸ்டை வெளியே அனுப்பினாள்.

ஒரெஸ்ட் தன் எஞ்சினைத் தனியாகப் பிரித்தான். தண்டை அளவு பார்த்தான். இரண்டு தலைமுடிக் கனம் வளைந்திருந்தது. அது இனி பறக்காது. போய்ச் சொன்னபோது கார்னியின் முகத்தில் வெற்றியைத் தேடினான். இல்லை.

"சரி. அதே மாதிரி பெல்ட் இல்லாத எஞ்சின் இன்னொண்ணு தேடுவோம்," என்றான் கார்னி. "அவசரம் ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தையில், அந்தச் சனிக்கிழமை கார்னியின் எஞ்சின் தணிந்த சத்தம் ஒரெஸ்டுக்குக் கேட்டது. மச்சான் மறுபடியும் இவனுக்காகப் பிடியைப் பின்னுக்கு இழுக்கிறான். இந்தத் தடவை தள்ளக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"வேணாம்," என்றான் மெதுவாக. "உன்னுதை ட்ரெய்லர்லயே நூறு மணி நேரம் ஓட்டிப் பார்ப்போம். நீ பக்கத்துல உட்காரு. ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். என் பயம் தாங்குற அளவுக்கு வந்தா மாட்டுவோம். வரலேன்னா நீ சொன்ன மாதிரி வேற தேடுவோம்."

"நூறு மணி நேரமா? பனி விழுந்துடும்டா."

"விழட்டும்."

ஆகஸ்டில் தொடங்கினார்கள். ட்ரெய்லரைச் சிமெண்டுக் கட்டையோடு சங்கிலியால் கட்டினார்கள். கார்னி காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் இருப்பான். ஒவ்வொரு மணி முடிவிலும் ஒரெஸ்ட் மூடியைத் திறந்து, கையுறை இல்லாத விரலால் பெல்ட்டின் ஒவ்வொரு பல்லையும் தடவுவான். முதல் நாட்களில் பாதியில் நிறுத்தி, வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். கார்னி தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினான். ஐம்பத்திரண்டாவது மணியில் ஒரு பல்லோரம் லேசாகப் பிசிறு தெரிந்தது. கார்னியே அந்தப் பெல்ட்டைக் கழற்றிப் போட்டு, பெல்ட் ஓடும் கப்பியை மயிரிழை நகர்த்திப் புதியதைப் பூட்டி, "திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணு," என்றான். ஒரெஸ்ட் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினான்.

அக்டோபர் கடைசியில், முதல் பனி விழுந்த மதியம், நூறாவது மணி முடிந்தது. ஒரெஸ்ட் மூடியைத் திறந்து, கடைசிப் பல்வரை தடவி, மூடினான். சட்டைப் பையிலிருந்து எஞ்சினை விமானத்தில் மாட்டும் நான்கு போல்ட்டுகளை எடுத்துக் கார்னியின் உள்ளங்கையில் வைத்தான்.

"பயம் போயிடுச்சா?" என்று கேட்டான் கார்னி.

"இல்ல. பாதி இருக்கு."

"அதுல பாதியை என்கிட்ட குடு. நீ மேல இருக்கிற வரைக்கும் கீழ நின்னு நான் வச்சுக்கிறேன்."

ஒரெஸ்ட் தூக்கும் சங்கிலியை இழுத்தான். எஞ்சின் அங்குலம் அங்குலமாக எழுந்து, விமானத்தின் வெறும் மூக்கை நோக்கி நகர்ந்தது. கார்னி கைத்தடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முதல் போல்ட்டோடு குனிந்தான்.