பத்து தள்ளிக்கோ

இரும்பு கடையும் அந்த லேத் என்னிடம் மட்டும் சண்டித்தனம் செய்தது. காலை ஷிஃப்டில் அக்கா வீட்டு அத்தான் ஓட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கும். மதியம் நான் கை வைத்தால் முதல் பீஸே ஊத்திக்கொள்ளும். ஒரு நாள் இளைத்து வரும், ஒரு நாள் பெருத்து வரும். இன்னொரு நாள் ஒன்றுமே நடக்காததுபோல் கச்சிதமாக வந்து என் மண்டையைக் காயவைக்கும். இரண்டாவது பீஸிலிருந்து நானே அளந்து திருத்திவிடுவேன். ஆனால் போன பீஸ் போனதுதானே!

நாங்கள் கடைவது பம்பு ஷாஃப்ட். பேரிங் உட்காரும் இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு துளி பிசகினாலும் குப்பைக்குத்தான் போகும். டூலின் முனையில் வெட்டுகிற இன்சர்ட்டை ஷிஃப்ட் முடியும்போது அத்தான் மாற்றிவிடுவார். புதுசு சில சமயம் பழையதைவிட நீட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் உள்வாங்கியிருக்கும். அந்த வித்தியாசத்தை முள் காட்டும் டயல் கேஜில் பார்த்து என்னிடம் சொல்வார். அதை மெஷினில் ஆப்செட்டாக, அதாவது பிளஸோ மைனஸோ சேர்த்த திருத்த எண்ணாக, போடுவது என் பொறுப்பு. முதல் பீஸை ஓட்டுகிறவர்தான் போட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் சட்டம். எதற்கெடுத்தாலும் மைக்ரானில், மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், பேசுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே மைக்ரான்தான்.

"பத்து தள்ளிக்கோம்மா," என்று சொல்லிவிட்டு அத்தான் கை கழுவப் போவார். இன்னொரு நாள், "ஆறு சேத்துக்கோ." சில நாள், "ஒண்ணும் வேண்டாம்." மெஷின் பக்கத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

நானும் பார்க்காத இடமில்லை. டூல்கள் சுழன்று வரும் டரட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காருகிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்தது. இன்சர்ட்டுக்கு அடியில் இரும்புத் தூள் மாட்டியிருக்குமோ என்று கழற்றி ஊதினேன். சுத்தமாக இருந்தது. மெஷின் ஆறிப்போயிருக்குமோ என்று வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றினேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமை முதல் பீஸ் இருபது மைக்ரான் இளைத்து வந்தது.

மைக்ரான் அதைக் கையில் வைத்து உருட்டினார். "காலையில நல்லா ஓடற மெஷின் மத்தியானம் மட்டும் எப்படிக் கெட்டுப்போகுது? திங்கக்கிழமையும் இப்படி வந்துச்சுன்னா நீ பிசிறு எடுக்கிற மேஜைக்குப் போயிடு."

நாள் முழுக்க அரத்தை வைத்துத் தேய்க்கும் மேஜை அது. அதிலிருந்து எழுந்து இந்த லேத்துக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்பப் போவதா? செத்தாலும் முடியாது.

மனசு கண்டபடி ஓடியது. அத்தான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாரோ? அக்கா புருஷன், நான் இருப்பதே அவர் வீட்டில்தான். சோறு போடுகிறவர் குழி பறிப்பாரா என்று ஒரு பக்கம் தோன்றும். ஆனால் கொஞ்ச நாளாக அவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சாப்பிட்டதும் செய்தித்தாளைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டைப் புரட்டிப்போட்டாள். "கட்டிலைச் சுவரோட சேத்துப் போடுங்க," என்று அத்தானை ஏவினாள். சேர்த்தார். "ஐயோ, ஜன்னலைத் திறக்க முடியல. கொஞ்சம் தள்ளிப் போடுங்க." தள்ளினார். கட்டில் சுவரைவிட்டு விலகியது.

துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்குச் சேர்ப்பது என்றால் கூட்டல். தள்ளுவது என்றால் கழித்தல், கடைக்காரர் தள்ளுபடி தருகிற மாதிரி. பத்து தள்ளு என்றால் மைனஸ் பத்து போடுவேன். மைனஸ் போட்டால் டூல் இரும்பை நெருங்கி இன்னும் ஆழமாக வெட்டும். அத்தானோ டூலைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார். அது பிளஸ்! அவர் பத்து சொன்னால் நான் இருபது பிசகியிருக்கிறேன், ஆறு சொன்னால் பன்னிரண்டு. ஒண்ணும் வேண்டாம் என்ற நாளில்தான் பீஸ் பிழைத்திருக்கிறது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

இதுவும் தப்பாகிவிட்டால் ஊர் சிரிக்கும். பீஸ் வரட்டும், பிறகு பேசலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உட்கார முடியவில்லை. பெருக்கிய அறையையே மறுபடி பெருக்கினேன்.

திங்கட்கிழமை மதியம் மைக்ரான் கையைக் கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றார். அத்தான் டயல் கேஜை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், தூர நீட்டினார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார்.

"எட்டு தள்ளிக்கோம்மா." குரலில் உயிரே இல்லை. கை கழுவவும் போகவில்லை.

பிளஸ் எட்டு போட்டேன். கதவை மூடி மெஷினை ஓட்டினேன். சூடு தணிக்கும் கூலண்ட் கொட்டி ஓய்ந்ததும் பீஸை எடுத்து மைக்ரானிடம் நீட்டினேன். அவர் அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"கரெக்டா இருக்கே!"

நான் படபடவென்று கொட்டிவிட்டேன். "சார், அத்தானுக்குத் தள்ளறதுன்னா டூலை விலக்கறது. நான் கழிக்கறதுன்னு நினைச்சுட்டேன். சேக்கறதும் அதே கதைதான். இனிமே எங்களுக்குள்ள பிளஸ், மைனஸ் மட்டும்தான் சார்."

மைக்ரான் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா! இந்த மனுஷன் சனிக்கிழமை சாயங்காலம் எங்கிட்ட வந்து, 'பொண்ணு மேல தப்பில்ல சார், எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு, டயல் முள்ளைத் தப்பாப் படிச்சுச் சொல்றேன். மேஜைக்கு என்னை அனுப்பிடுங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனாரே!"

இவரையா குழி பறிக்கிறார் என்று நினைத்தேன்?

அத்தான் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த டயல் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் படிச்சதெல்லாம் சரிதானாம்மா?"

"எல்லா நாளும் சரிதான் அத்தான்."

டயல் கேஜின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு கை கழுவப் போனார். திரும்பி வர அன்று வெகு நேரமாயிற்று.