அரையிறுதி ஆடிய நாள்

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கலீம் கோல் அடித்தான். இடது பக்கமிருந்து வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் உதைத்தான். வலை குலுங்கியது. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே கூட்டத்தை நோக்கி ஓடி, இடுப்பை ஆட்டி ஒரு குத்தாட்டம் போட்டான். கொல்கத்தா கிளப் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. இந்திய அணியிலும் கோல் அடிக்க அவனைத்தான் நம்பியிருந்த காலம் அது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் பாட்டுப் போட்டுக் கும்மாளம். மேனேஜர் அவனைத் தனியாகக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்தார். அப்பா தவறிவிட்டார் என்றார். எப்போது என்று கேட்டான். காலையில் என்றார். ஆட்ட நாளில் போன்களை வாங்கி வைத்துக்கொள்வது கிளப்பின் வழக்கம். திருப்பிக் கொடுத்த போனில் அக்கா நஸ்னீனின் பெயர் திரை முழுக்க நின்றது.

மறுநாள் நண்பகலில் காஞ்சிபுரத்தில் இறங்கினான். அவன் அப்பா, ஜரிகை வியாபாரி அஹமது பாஷா, முந்தின நாளே மண்ணுக்குள் போய்விட்டிருந்தார். வாசலில் நின்ற அக்கா அவனைத் தொடக்கூட இல்லை.

"இப்போ எதுக்குடா வந்தே?"

"அக்கா..."

"காலைல மேனேஜருக்குப் போன் பண்ணேன். உடனே அனுப்புறேன்னாரு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கே எடுக்கலாம்னு ஜமாத்துல சொன்னாங்க. தம்பி வந்துக்கினு இருக்கான், மொகம் பாக்கட்டும்னு நான்தான் கெஞ்சி நிறுத்தி வெச்சேன். அப்புறம் அவரே கூப்பிட்டாரு. கலீம் கிட்ட சொல்லிட்டோம், ஆடி முடிச்சுட்டுத்தான் போவேன்னு சொல்றான்னாரு. பொழுது சாஞ்சு மஃரிப் தொழுதுட்டுத் தூக்கினாங்க. கபர்ஸ்தான்லேர்ந்து திரும்பறவங்க கையில எல்லாம் நீ டான்ஸ் ஆடுற வீடியோ."

"யாரும் எங்கிட்ட சொல்லலக்கா. அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது."

நஸ்னீன் அவன் முகத்தையே பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். அம்மா சைதுன் சுவரோரம் சாய்ந்திருந்தாள். அவள் மடியில் விழுந்து அழுதான். தலையைத் தடவிக் கொடுத்து, "சாப்பிட்டியாபா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

கோல்கீப்பர் ஜெயக்குமார் சென்னைக்காரன், ஓட்டலில் அவனோடு ஒரே அறை. அவனைப் போனில் கூப்பிட்டான் கலீம். அன்று காலையிலேயே யாருக்காவது தெரியுமா என்று கேட்டான்.

"மச்சான், காலைல டிபன் சாப்பிடும்போதே எனக்குத் தெரியும். மேனேஜர் போன்ல பேசினத கேட்டேன். வாயத் தொறந்தா நீ டீம்ல இருக்க மாட்டேன்னாரு."

"பக்கத்துல உக்காந்துதான சாப்பிட்டே?"

"ஆமாபா."

"இத பேப்பர்காரங்க கிட்ட சொல்றியா?"

"அடுத்த சீசன் காண்ட்ராக்ட் இன்னும் போடலடா. வீட்ல குழந்தை பொறந்திருக்குது. என்னால முடியாது."

ஆட்டம் முடியும்வரை தனக்கு யாரும் சொல்லவில்லை என்று கலீம் தனியாகவே பேட்டி கொடுத்தான். காலையிலேயே சொன்னோம், ஆடுவது அவன் எடுத்த முடிவு என்று கிளப் அறிக்கை விட்டது. கூட ஆடியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய ரசிகர்களே, பெற்றவன் பிணத்தின் மேல் ஆடியவன் என்று எழுதினார்கள். சீசன் முடிந்ததும் கிளப் அவனைக் கழற்றிவிட்டது. கேரளத்தில் ஒரு கிளப் சேர்த்துக்கொண்டது. அங்கே பந்தோடு கோலை நெருங்கும்போதெல்லாம் அவன் கண் தானாக வெளியே, மேனேஜர்கள் உட்காரும் பக்கம் போனது. அங்கே யாராவது எதையாவது சொல்லக் காத்திருக்கிறார்களா என்று பார்ப்பான். அதற்குள் பந்து பறிபோயிருக்கும். அந்த வருடம் இந்திய அணிப் பட்டியலில் ஜெயக்குமார் இருந்தான், கலீம் இல்லை. அடுத்த வருடம் கேரளத்திலும் வேண்டாம் என்றார்கள். ஊருக்கு வந்து ஜரிகைக் கடையில் உட்கார்ந்தான்.

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சைதுன் கேட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அன்னிக்கு உனக்கு நெஜமாவே தெரியாதாபா?"

"தெரியாதும்மா."

"சரிபா," என்று குழம்பை ஊற்றினாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில், அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.