அட்டவணையில் இல்லாத கட்டம்

...அப்படிப் பார்த்தால் ரஷ்யாக்காரனின் சோயுஸ் எதில் சேர்த்தி, மூன்றே பேர், காலை நீட்டக்கூட இடமில்லை, அமெரிக்க ஷட்டில் அப்படியா, ஏழு பேர், கூடவே ஒரு பஸ் அளவுக்குச் செயற்கைக்கோள், மேலேயே பழுது பார்க்கலாம், கீழே கொண்டுவரலாம், எந்த வேலைக்கும் வளைந்து கொடுக்கும்... ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஹாலித், ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் இன்று காட்டப்போகும் விண்கல அட்டவணையை மறுபடி விரித்தார். எத்தனை பேர், எவ்வளவு சுமை, என்னென்ன வேலை, திரும்பப் பறக்குமா. எல்லாவற்றிலும் ஷட்டிலுக்கே முதலிடம். “சார், ராக்கெட் மேல ஏறுறப்போ கோளாறுன்னா உள்ள இருக்கிறவங்க எப்படித் தப்பிப்பாங்க? அதுக்கு ஒரு கட்டம் காணோமே?” என்றார் அவரை அழைத்துப்போகும் கணக்கு வாத்தியார் பெனடிக்ட். “எடம் பத்தலைங்க.” பொய். இடம் தாராளமாக இருந்தது. அதைப் போட்டால் செல்லப்பிள்ளைக்கு முட்டை விழுமே...

ஷட்டிலைத் தூக்கும் பூஸ்டர் ராக்கெட் பற்றிக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு அணைக்க முடியாது, உள்ளே இருப்பவர்களுக்கு வழியே கிடையாது, இது அவருக்குத் தெரியாதா என்ன, சோயுஸை ராக்கெட் நடுவழியில் கைவிட்டபோதும் இருவர் உயிரோடு தரைக்கு வந்தார்களே, இப்போது வந்த டிராகன் கலத்துக்குத் தப்பும் எஞ்சின் உடம்பிலேயே இருக்கிறதே... ஆலியாவுக்கு என்ன இருந்தது? மகளை ஷார்ஜாவில் கட்டிக்கொடுத்து எட்டு மாதம். “இங்க முடியலத்தா” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். “எல்லா வீட்லயும் உள்ளதுதாம்மா, அனுசரிச்சுப் போ” என்றார், பெரிய மனுஷன் மாதிரி. அப்புறம் அவள் குறையே சொல்லவில்லை, அவரும் சரியாகிவிட்டது என்றே நினைத்தார், நினைக்க வசதியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன். “அத்தா, என் ரூம் அப்படியேதான் இருக்கா?” எவ்வளவு குதூகலமாகச் சொன்னார்! “இல்லம்மா, என் மாடலையெல்லாம் அங்க அடுக்கிட்டேன், ஷட்டில் உன் கட்டில் மேலதான் நிக்குது!” “சரிங்கத்தா.” புள்ள குரலே சரியில்லைங்க என்றாள் மனைவி ஜீனத், சிக்னல் சரியில்லை என்றார் இவர்...

சிக்னலா? ரூமையா கேட்டாள் அவள்? பாவி, முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவனுக்கு இந்த ஒரு கேள்வி விளங்கவில்லையே... போனை எடுத்து அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “சார், ஸ்ரீரங்கம் வந்துடுச்சு, இறங்குங்க.” எடும்மா, எடு... எடுத்தால்தான் என்ன சொல்வது, வந்துடும்மா என்றா? கட்டில் மேல் இன்னும் அந்த ஷட்டில்தானே நிற்கிறது.