நகத்தால் இரண்டு தட்டு

அக்காவின் ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் எப்போதும் 'நிறைந்தது' என்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வண்டியை எடுக்குமுன் மீட்டர் கண்ணாடிமேல் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவாள். அப்போதுதான் அது உண்மையைச் சொல்லும். பின்சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துவந்த தங்கைக்கு ஒருநாள் அதிலிருந்து ஒரு கதை பிடிபட்டது.

தங்கைக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. உள்ளே கருவி கீச்சிட, வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு நடுவே விஞ்ஞானக் கதை எழுதுவாள். அதை அச்சேற்றக் குடும்பத்திலேயே ஆள் இருந்தார். அக்காவின் கணவர் ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். அச்சேற்றவும் செய்தார், தன் பெயரில். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று, சென்ற ஆண்டு ஒரு கதைக்குப் பரிசே வாங்கிவிட்டார்.

கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?" என்றார்.

அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பறிபோன பெயரை நாலு பேர் முன்னால் அவர் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும்.

அவருக்கு ஒரு தொழில் வழக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் சும்மா நிற்கிற வரி எதுவானாலும் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். பின்னால் நடக்கப்போவதற்கு முன்னால் விதைத்து வைக்கிற வரி, முதலில் சும்மா நிற்பதுபோலத்தானே தெரியும்? முடிவில் மட்டும் கைவைக்க மாட்டார்; கைதட்டல் அங்கேதான் விழும்.

அவருக்கென்றே அந்தக் கதையை எழுதினாள். நிலவில் ஒரு சுரங்கம். ஒருத்தி வெளியே போகுமுன் தன் உடுப்பின் பிராணவாயு மீட்டரை நகத்தால் இரண்டு தட்டு தட்டுகிறாள். நிறைந்து நின்ற முள் சரிந்து இறங்குகிறது. பிறகு ஒருவன் அந்த உடுப்பைத் திருடி மாட்டிக்கொண்டு ஓடுகிறான். முள்ளை நம்பி, மூச்சு முட்டிச் சாகிறான். கடைசி வரியில் அவள் புது உடுப்பை எடுத்து, அதன் மீட்டரையும் இரண்டு தட்டு தட்டுகிறாள். திருடினவனுக்குப் பொருள் கிடைக்கும், அதன் சூட்சுமம் கிடைக்காது. கதை சொல்ல வந்தது அவ்வளவுதான். அந்த அவ்வளவும் முதல் பக்கத்துத் தட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். பத்திரிகைக்குத் தட்டச்சு செய்வது அக்காதான். இந்த வரி இருக்கட்டுமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உனக்கென்ன தெரியும் என்றார். அக்கா அந்த வரியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தாள்.

கதை அவர் பெயரில் இதழில் வந்ததும் வாசகர் கூட்டம். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்தாள். மீட்டர் நிறைந்திருக்க அவன் ஏன் செத்தான், கடைசியில் அவள் எதற்குத் தட்டுகிறாள் என்று கேட்டாள். அது ஒரு குறியீடு என்றார் ஆசிரியர். எதற்குக் குறியீடு என்றாள் அவள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார்.

பின்வரிசையிலிருந்து தங்கை எழுந்தாள். "முதல் பக்கத்துலயும் தட்டுவா. எழுதினது நான். அத்தான் அந்த வரியை வெட்டிட்டார். அது எதுக்குன்னு இப்ப கேளுங்க, தெரியாது அவருக்கு."

பத்திரிகை முதலாளி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் மனைவியைப் பார்த்தார்.

"அந்த வரி இருந்துச்சு. நான்தான் டைப் பண்ணேன். எல்லாக் கதையும் இவ கதைதான்" என்றாள் அக்கா.

முதலாளி விடவில்லை. உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். தரையைப் பார்த்தபடி, அவள் எழுதியதுதான் என்றார் ஆசிரியர். அடுத்த இதழில் அவள் பெயரோடு, வெட்டாமல் போடுவதாக முதலாளி அறிவித்தார். தங்கைக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரக்கம் வருமா என்று தேடிப்பார்த்தாள்; வரவில்லை.

ஆசிரியர் மேசைமேலிருந்த அக்காவின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார். அந்த ஸ்கூட்டரை ஒருநாளும் தொட்டவரில்லை அவர். சகோதரிகள் வாசலில் வந்து நின்றார்கள். உட்கார்ந்தார், மீட்டரைப் பார்த்தார், திருப்தியோடு கிளப்பினார். சுடுகாட்டு மேட்டைத் தாண்டினால் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது.

"பெட்ரோல் இருக்காக்கா?"

"காலையிலேயே தீர்ந்துபோற நிலைமை" என்றாள் அக்கா. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவர் இன்னும் போய்க்கொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை.