ஜன்னலுக்கு ஒரு படி

சுவரோடு மடித்து வைத்திருக்கும் கட்டிலை இறக்கினால் அதன் கால்மாடு வாசல் கதவில் போய் முட்டும். பிறகு யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. வீட்டைக் கட்டியவன் இதைக் குறையாக நினைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். சேர்ந்து படுப்பார்கள், சேர்ந்து எழுவார்கள். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் நின்றது அந்தக் குட்டி வீடு. கட்டியது அவள் கணவன். அவன் வேலை செய்யும் தச்சுப்பட்டறையில் மிச்சமான பலகைகள், இடித்த கட்டடத்து ஜன்னல், கூரையில் சூரிய மின்தகடு, வாசலை ஒட்டி மழைத்தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வருவார்கள். அவன் கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவான். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியோடு ஒட்டி நிற்பாள். நிற்க வேறு இடமில்லை.

ரொட்டிக்கடையில் அவளுக்குக் கல்லா வேலை. உள்ளே மாவு பிசைகிறவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டே சில்லறை கொடுப்பாள். ஒருநாள் முதலாளியம்மா கேட்டாள்.

"அடுப்புப் பக்கம் ஆள் வேணும். விடியறதுக்கு முன்னாடி வரணும். முடியுமா?"

முடியும் என்று வாய் சொன்ன பிறகுதான் கட்டில் ஞாபகம் வந்தது.

"அதுக்கென்ன, எழுப்பு. தூக்கிவிடறேன்" என்றான் கணவன்.

முதலில் தூக்கத்தான் செய்தான், போர்வையைச் சுற்றிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல். போகப் போக "அஞ்சு நிமிஷம்" என்பது வந்து சேர்ந்தது. அந்த அஞ்சு நிமிஷம் எப்போதும் அஞ்சாக இருந்ததில்லை. முதலாளியம்மா கோபப்படவில்லை. "மாவு புளிச்சுப்போச்சும்மா. இன்னொரு தடவை ஆச்சுன்னா நீ கல்லாவுக்கே போயிடு" என்றாள், பாத்திரத்தைக் கவிழ்த்தபடி.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். "ஏங்க, கதவை வெளிப்பக்கமாத் திறக்கிற மாதிரி மாத்தலாமே?"

"மழைத்தொட்டி இடிக்கும்."

"தொட்டிய நகர்த்தலாமே?"

"குழாயெல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி போட்டிருக்கு. ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் பிரிக்கணும்." பார்க்க வருகிறவர்களிடம் பேசும் அதே பொறுமையோடு சொன்னான்.

தன்னையும் அந்தக் குழாய்களோடு சேர்த்தே பொருத்தியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் அவன் "அஞ்சு நிமிஷம்" என்று திரும்பிப் படுத்தான். அவள் அவன் கால்களைத் தாண்டி, சமையல் மேடையில் ஏறி, ஜன்னல் வழியாக மாடித் தரையில் குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. செருப்பு கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கீழே இறங்கி, வாசலில் கிடந்த அண்ணியின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அன்று அவள் பிசைந்த மாவு நன்றாக எழும்பியது.

"என் செருப்பைத் தூக்கிட்டுப் போன திருடி நீதானா?" அண்ணி படியிலேயே பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். "வாசல் இருக்கிற வீட்டுல எதுக்குடி ஜன்னல் ஏறிக் குதிக்கிறே? திருடன்தான் அப்படி வருவான்."

"திருடன் உள்ளே வர்றான் அண்ணி. நான் வெளியே போறேன்."

அதற்கு அப்புறம் தினமும் ஜன்னல்தான். சனிக்கிழமை கணவன் பட்டறையிலிருந்து ஒரு மரப்படியைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே வைத்தான். ஓரங்களை இழைத்திருந்தான். வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டியிருந்தான். அவள் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சிலாம்புகூட இல்லை. கட்டிலை மாற்றவும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் ஒருத்தி படியைக் காட்டி எதற்கென்று கேட்டாள்.

"அதுவும் டிசைன்ல இருக்கிறதுதான்" என்றான் அவன்.

அவள் பாத்திரத் தொட்டியை ஒட்டி நின்றாள். அவர்கள் போனதும் தன் செருப்பை எடுத்து ஜன்னலுக்கு வெளியே, படியின் மேல் வைத்தாள்.

மறுநாள் அவள் எழுந்தபோது அவன் மூச்சுச் சத்தம் மாறியது. விழித்துவிட்டான்.

"இரு, தூக்கவா?"

அவளுடைய ஒரு முழங்கால் ஏற்கெனவே சமையல் மேடையில் இருந்தது. இத்தனை நாள் அவள் கேட்க நினைத்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். இப்போது அது தேவைப்படவில்லை என்பது அவளுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

"வேணாம். நீங்க தூங்குங்க."

படி ஆடாமல் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஜன்னலை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள்.