பூட்டு இன்னும் பிடிக்கல

என் வீட்டுக்காரர் நெல்சனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. மடக்குக்கத்தி செய்கிற பழக்கம்தான் இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிற மனுஷர். சாயங்காலம் கோவில்பத்து வீட்டுக்கு வந்ததும் லுங்கிக்கு மாறி, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரத்தை எடுத்துவிடுவார். வருஷக்கணக்காக ஒரே ஒரு கத்தி. கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிற சாமான்.

முதலில் செய்த அலகைக் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது, அது வாழைக்காய்ச் சீவல் மாதிரி வளைந்துபோனது. எண்ணெய், நான் இட்லிப்பொடிக்கென்று வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய். அடுத்த அலகு நேராக வந்தது. ஆனால் அச்சாணிக்குப் போட்ட ஓட்டை கோணலாக விழுந்ததால் மடக்கும்போதெல்லாம் பிடியை உரசியது. அதையும் தூக்கிப் போட்டார். மறுபடி தகடு, மறுபடி அரம், மறுபடி என் எண்ணெய். பிடிக்குப் பூவரசங்கட்டை. அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். என் கன்னத்தை அப்படி யாரும் கவனித்ததில்லை.

நான் கேலி செய்யலாம். என் பிறந்த வீட்டார் செய்தால்தான் எனக்குப் பொறுக்காது. போலகத்தில் இருக்கும் சலோமி அக்காவின் வீட்டுக்காரர் யேசுராஜ் அத்தான், எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "என்ன சகல, கத்தி முடிஞ்சிதா, இல்ல பேரன் காலத்துலதானா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதுதான் எனக்கு எரியும்.

அக்கா மகள் ஜெமிமாவுக்கு, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விசேஷம் வந்தது. அதற்கு முந்தின வாரம் கத்தி ஒரு வழியாகக் கத்தி மாதிரியே ஆகிவிட்டது. நான் எடுத்துப் பார்க்கப் போனேன்.

"தொடாத பெனி. பூட்டு இன்னும் பிடிக்கல," என்றார்.

"எப்பதான் பிடிக்கும்?"

"ஒரு நூல் அளவு கூடுதலா தேச்சிட்டேன். அந்தப் பூட்டுத் தகட்ட மாத்தணும். அதுவரைக்கும் யாரும் எடுக்க வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்லூரியில் ஏதோ தேர்வு வேலை. மதியச் சாப்பாட்டுக்கு நேராகப் போலகம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஜன்னல் மேடையில் அந்தக் கத்தி இருந்தது. மடக்கியபடியே குலுக்கிப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். திறக்கவில்லை. பூட்டு என்றால் மூடியது மூடியபடி இருக்க வேண்டும், வேறென்ன? இந்த மனுஷருக்கு எதிலும் திருப்தியே வராது என்று நினைத்து அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பூசைக்குக் கீபோர்டு வாசித்தது அத்தான்தான். விருந்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"தனியாவா வந்த? உன் வீட்டுக்காரரு இன்னும் கத்தி தீட்டிக்கிட்டுத்தான் இருக்காரா?"

"முடிச்சிட்டாரு அத்தான்," என்றேன். சண்டை வரும் என்று நாங்கள் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டோம். அதனால் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்த ஒரு முறையை மட்டும் சரியாகச் செய்தேன்.

அத்தான் எடுத்துத் திறந்தார். அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "அட, கடையில வாங்குனது தோத்துப்போவும் போலிருக்கே," என்றார். நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. யாரும் கேட்காமலே, "பூட்டெல்லாம் வச்சிருக்காரு அத்தான். கெட்டியா நிக்கும்," என்று சொன்னேன்.

பழம் வெட்டும் மேஜையில் ஒரு தர்பூசணி இருந்தது. அத்தான் கத்தியை அதில் குத்தி ஒரு கீறு கீறினார். பாதியில் அலகு சிக்கிக்கொண்டது. பிடியை மேலே இழுத்தார். அலகு பழத்திலேயே நின்றது. பிடி மட்டும் மடங்கி வந்து, அவர் விரல்களை அலகோடு சேர்த்து மூடிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. மேஜை முழுக்கச் சிவப்பாக இருந்ததால் யாருக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை கவுன் போட்ட ஜெமிமாதான், "அப்பா, அது பழம் இல்ல," என்றாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அக்கா அழுதுகொண்டே, "என்ன தம்பி இப்படிச் செஞ்சு வச்சிருக்கீங்க? அவரு வாசிக்கிற கை," என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு அக்காவிடம் திரும்பி, "பூட்டு சரியா அமையலக்கா. முடியாத கத்திய எடுக்குற மாதிரி வச்சிருந்தது என் தப்புதான்," என்றார்.

எனக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. 'அவர் தொடாதே என்றார், நான்தான் எடுத்து வந்தேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அம்மா நின்றாள், சித்தி நின்றாள், பந்தலில் என் பெருமையைக் கேட்டவர்கள் பாதிப்பேர் நின்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதோட விட்டுடுங்க தம்பி," என்றாள் அக்கா.

"விட்டுடுறேன்க்கா."

வெளியே வந்த அத்தான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "கூரு மட்டும் அருமை சகல," என்று சிரிக்கப் பார்த்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கத்தி, அரம், டிரில்லிங் மிஷின், மிச்சமிருந்த பூவரசங்கட்டை எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், பழக்கம்தானே. இவர் பேசாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பிடிக்காத நிகழ்ச்சிகளையெல்லாம் பார்த்தார். பின்பக்கம் சத்தமில்லாமல் கிடந்தது. துணி துவைக்கப் போனால் அந்த இடத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கத்தி செய்தவர் தலைகுனிந்து திரிகிறார், அதைச் சொல்லாமல் எடுத்துப்போனவள் நிமிர்ந்து நடக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் பரணில் ஏறி, சாக்கிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல பூட்டு எங்க இருக்கு? காட்டுங்க."

திறந்து காட்டினார். பிடிக்குள்ளே ஒரு மெல்லிய தகடு, அலகின் அடியில் போய் முட்டுக்கொடுக்க வேண்டியது. அவர் கட்டைவிரலால் அலகின் முதுகைத் தட்டியதும் அந்தத் தகடு வழுக்கி விலகிப்போனது.

"மூடியிருக்கறப்ப நல்லாத்தான இருந்துச்சு?" என்றேன்.

"மூடுறதுக்கு இல்ல பெனி இந்தப் பூட்டு. தொறந்தது தொறந்தபடி நிக்கிறதுக்கு."

அவர் கத்தியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் மூடியிருக்க வேண்டிய இடத்தில் திறந்ததும், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டதும் என் வாய்தான். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போடு. அத்தானும் கேக்கட்டும்."

"என்னடி?"

"அவரு கத்தியத் தொடாதன்னு சொன்னாரு. பூட்டு பிடிக்கலன்னும் சொன்னாரு. நான்தான் அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். கெட்டியா நிக்கும்னு பொய்யும் சொன்னேன்."

அந்தப் பக்கம் அத்தான் கீபோர்டில் ஒரு கையால் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அது நின்றது.

"அந்தத் தம்பிய அத்தன பேரு முன்னாடி நிக்க வச்சு நான் பேசுனேனே," என்றாள் அக்கா. "நீ பக்கத்துலதான நின்ன? ஏன்டி சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"இப்ப மட்டும்?"

எதிரே அவர் கத்தியை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகு அன்றுதான் நேராகப் பார்க்கிறார்.

"இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு," என்றேன்.