நாலு விரல் இடைவெளி

இருபத்தாறு வருஷமாக அவரிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். அன்று காலை ஒத்திகையில்தான் முதல் முறையாக அடி விழுந்தது.

சத்தம் ஷெட்டின் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது. தொழில் சொல்லிக்கொடுத்ததை உடம்பு தானாகச் செய்தது. தலையைத் திருப்பினேன், காலை வாரிக்கொண்டு சாப்பாட்டு மேஜைமேல் விழுந்தேன், மேஜையோடு தரைக்குப் போனேன். இடது காதுக்குள் ரீங்காரம். யூனிட்டில் பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து ஓடிவந்து, "இதுதான் சார் வேணும். நெஜம் மாதிரியே இருக்கு" என்றார். மாதிரி இல்லை, நிஜமேதான் என்பது அந்த ஷெட்டுக்குள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தரையில் கிடந்தான். இன்னொருவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி.

அவர் முகத்தைச் சினிமா பார்க்கிற யாருக்கும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக வில்லன். எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியவர். வெட்டுப்பட்டும் சுடப்பட்டும் லாரி ஏறியும் நூற்றுத் தொண்ணூறு தடவை செத்தவர். ஒரே ஒரு படத்தில் திருந்தி நல்லவராக வீட்டுக்குப் போனார், அந்தப் படம் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். அதை அவர் பாராட்டுப் பத்திரம் மாதிரி எடுத்துக்கொள்வார்.

சண்டைக்காரர்களான எங்களுக்குள் அவருக்கு நாலு விரல் என்று பெயர். ஒரு பத்திரிகைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, எந்த விரல் சார் போச்சு என்று அக்கறையாக விசாரித்தார். அவர் இரண்டு கையையும் விரித்துக்காட்டி எண்ணிக்கொள்ளச் சொன்னார். விஷயம் வேறு. புதிதாக யாரை அடிக்கவேண்டி வந்தாலும், டேக்குக்கு முன்னால் அந்த ஆளிடம் போவார். வலது கையை எதிராளியின் கன்னத்துக்கு நேராக நிறுத்தி, நடுவில் உள்ள இடைவெளியில் தன் இடது கையின் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டுவார். இதற்குமேல் என் கை வராது என்று அர்த்தம். கேமரா முதுகுக்குப் பின்னால் நிற்கும், அதனால் அந்த இடைவெளி படம் பார்க்கிறவர்கள் கண்ணில் படாது. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் உணர்ச்சி வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நிஜமாகவே சாத்துகிற நடிகர்களிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன், கடைவாய்ப் பல் இரண்டு அங்கேதான் போனது. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர், "நெஜமா அடிக்கறதுக்கு நடிகன் எதுக்குடா? ரௌடியக் கூட்டிட்டு வந்தா போதுமே. வசனம் மறக்கறதும் மிச்சம்" என்பார்.

சினிமாவுக்கு வருமுன் பதினோரு வருஷம் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்தவர். அவருடைய அப்பா பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குறட்டில் பிடித்துக்கொள்வார், மகன் எட்டுக் கிலோ சம்மட்டியை இறக்குவார். இரும்புக்கும் அப்பாவின் கைக்கும் ஒரு சாண்கூட இருக்காது. அவர் வாங்கிய விருதுகள் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. "எங்கப்பா பத்து வெரலோட செத்தார். அதுதான் நான் வாங்கின அவார்டு" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு டீயைக் குடித்துமுடித்தார், அவ்வளவுதான்.

நான் வளர்ந்தது கல் குவாரியில். அங்கே பேச்சைவிட அடி மலிவு. அப்பா அடித்தார், மேஸ்திரி அடித்தார். மேஸ்திரி அப்பாவை அடித்த அன்றைக்கு, அப்பா வீட்டுக்கு வந்து அதையும் சேர்த்து எங்களுக்குக் கொடுத்தார். என்மேல் கையை ஓங்கிவிட்டுப் படாமல் நிறுத்திய முதல் மனிதர் இவர்தான். எனக்கு அது முதல் படம். கை வந்த வேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். கன்னத்தில் காற்று மட்டும் பட்டது. விழவேண்டியவன் விழ மறந்து அப்படியே நின்றேன். கட் சொன்னார்கள், சண்டை மாஸ்டர் திட்டினார். இவர் என் காதருகில் குனிந்து, "என்ன தம்பி, அடி பத்தலையா?" என்றார். அன்றிலிருந்து எந்தப் படத்தில் அவருக்கு ஓர் அடியாளோ வேலைக்காரனோ டிரைவரோ தேவைப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்.

அப்படிப்பட்ட கை அன்று காலை வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் ஆறேழு மாதமாகப் பார்த்ததெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றியது. கைகுலுக்க நீட்டிய கையை இரண்டாவது முயற்சியில் பிடித்தது. படியிறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காலால் தடவியது. வயசு எழுபத்தொன்று, இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மேக்கப் அறைக்கு அவர் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன்.

"எந்தக் கண்ணுண்ணே?"

"எடது" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல். "நரம்பு காஞ்சு போச்சாம். டாக்டர் லைட்டு அடிச்சுப் பாத்தாரு, அப்புறம் லைட்ட அணைச்சுட்டாரு. அவ்வளவுதான் வைத்தியம்."

ஒற்றைக் கண்ணில் ஆள் தெரிகிறது, நிறம் தெரிகிறது, தூரம்தான் தெரியவில்லை என்றார். நிற்கிற ஆள் ஒரு முழத்தில் இருக்கிறானா ஒன்றரை முழத்திலா என்று கண் சொல்ல மறுக்கிறது. அண்ணிக்கு மட்டும்தான் தெரியுமாம். படத்தில் அவருக்கு இன்னும் பதினெட்டு நாள் வேலை இருந்தது. இந்த வேஷத்துக்கு முதலில் பேசிவைத்த நடிகர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார், ஒரு போன் போட்டால் வந்துவிடுவார். சேதி வெளியே போனால் இந்தப் படம் மட்டுமில்லை, இனி எந்தப் படத்திலும் யாரும் கூப்பிடமாட்டார்கள். சோற்றுக்குக் குறைவில்லை, மகள் நல்ல வேலையில் இருக்கிறாள். அதுவல்ல அவர் கவலை.

"வீட்ல உக்காந்தா ரெண்டே நாள்ல உங்க அண்ணி நான் நெஜமாவே வில்லன்தான்னு கண்டுபிடிச்சிருவாடா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சம்மட்டிய கீழ வெச்ச அன்னிக்கு, மறுநாள் போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. இப்ப வெச்சா இல்ல."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் நாக்குக் கூசுகிறது. படட்டும்ண்ணே, டைரக்டரே அதைத்தான் கேட்கிறார், ஓர் அறைதானே, கண் விஷயம் அதிலேயே மறைந்துபோகும் என்றேன். அடி வாங்கியே வளர்ந்தவனுக்கு அப்படித்தான் யோசனை ஓடும். எனக்கு இது சாதாரணம், எனவே எல்லாருக்கும் சாதாரணம்.

அவர் கண்ணாடியில் என்னை முதல் முறையாகப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. என் கை எரியுது."

காட்சியில் இரண்டு அறைகள். முதல் அறை வேலைக்காரனான எனக்கு, இரண்டாவது மருமகளாக நடிக்கிற பெண்ணுக்கு. இருபத்து மூன்று வயசிருக்கும், இரண்டாவது படம். அதற்குமுன் நாலு வருஷம் துணி தைக்கிற கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தவள். அண்ணன் செட்டுக்குள் வந்ததும் அவளே எழுந்து எதிரே வந்தாள். டைரக்டர் அவளிடம் முன்பே பேசியிருந்தார்.

"சார், டைரக்டர் சொன்னாரு. பட்டாலும் பரவால்ல, நீங்க அடிங்க. எங்க கம்பெனில சூப்பர்வைசர் நூல்கண்டு டப்பாவாலயே அடிப்பாரு. எனக்குப் பழக்கந்தான்."

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கன்னத்தில் மறுபடி ஓர் அறை விழுந்தது போல இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் மேக்கப் அறையில் நான் சொன்னதும் இதேதான்.

"பழக்கமா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். வழக்கமாகச் செய்கிறபடி கையை உயர்த்தி அளவு காட்டப்போனவர், பாதியில் இறக்கிக்கொண்டார். டைரக்டர் பக்கம் திரும்பினார். திரையில் கடைசி வரிசைவரை நடுங்கவைக்கிற குரல் அது, அன்று அதில் பாதிகூட வரவில்லை. ஆனால் ஷெட்டில் எல்லாருக்கும் கேட்டது.

"தம்பி, எனக்கு எடது கண்ணு போயிடுச்சு. ஆறு மாசமாச்சு. காலைல இவன் வாங்கினது நடிப்பு இல்ல, என் கை தப்பினது. உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. இந்தப் பொண்ணு மேல என் கை படாது. அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். ஒத்துவந்தா எடுங்க, இல்லன்னா மேக்கப்பக் கலைச்சிட்டுக் கெளம்பறேன்."

புரொடக்ஷன் மேனேஜர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். டைரக்டர் அவர் போவதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில், "சொல்லுங்க சார், என்ன வழி?" என்றார்.

பட்டறையில் புகை அடித்தால் இரண்டு கண்ணும் தெரியாதாம். அவருடைய அப்பா சின்னச் சுத்தியலால் பட்டடைக்கல்லில் இரண்டு தட்டு தட்டுவாராம். காலை நகர்த்தாமல், அந்தச் சத்தத்துக்கு அடுத்த நொடியில் சம்மட்டியை இறக்கவேண்டும். கண் பொய் சொல்லும், கால் சொல்லாது என்றார். சணல் கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் நீளமாக டேப் வைத்து ஒட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலின் விரல்களைக் கயிற்றில் ஊன்றிக்கொண்டார். கையை முழுசாக நீட்டினார்.

"வாம்மா. உன் அளவுக்கு நீயே நிறுத்து. நடுவுல நாலு வெரல் வெச்சுப் பாரு."

அவள் வந்து நின்று, அவர் உள்ளங்கைக்கும் தன் கன்னத்துக்கும் நடுவில் நாலு விரலை வைத்தாள். யோசித்தாள். பிறகு கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டு ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "அஞ்சா வெச்சுக்கறேன் சார்" என்றாள்.

"வெச்சுக்க. ஆறு வேணும்னா இவன்கிட்ட ஒண்ணு வாங்கிக்க" என்று என்னைக் காட்டினார். ஷெட்டில் அப்போதுதான் யாரோ மூச்சுவிட்டுச் சிரித்தார்கள்.

அவள் நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். முதலில் என்னை நிறுத்தினார். நான் குதிகாலால் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வீசினார். காற்று மட்டும் வந்தது. மறுபடி தட்டச் சொன்னார். ஆறு முறை. ஆறு முறையும் அதே காற்று, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் விழ மறந்து நின்றேனே, அதே காற்று. என்னுடைய அறையை அடுத்த டேக்கிலேயே எடுத்துமுடித்தார்கள்.

பிறகு அவளுடையது. புடவை மறைவில் அவள் குதிகால் இரண்டு தரம் தட்டியது. அந்த முகத்தில் எத்தனையோ கோபங்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அன்றைக்கு வந்ததைப் பார்த்ததில்லை. கையை ஓங்கிய மாமனார் அடிக்கிற நொடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தான் செய்யப்போகிற அநியாயத்தைத் தானே பார்க்கச் சகிக்காதவர் மாதிரி இருந்தது. கயிற்றை விரல்கள் பற்றிக்கொண்டதும் காதில் அப்பாவின் சுத்தியல் கேட்டதும் பார்க்கிற யாருக்குத் தெரியப்போகிறது. கை பாய்ந்து போயிற்று. அவள் தலை சரியாகத் திரும்பியது. காதோரத்து முடிக்கற்றை ஒன்று எழும்பிப் பறந்து மெல்லக் கன்னத்தில் படிந்தது. அடித்தவர்தான் கண்ணை மூடியிருந்தார், அவள் மூடவில்லை.

டைரக்டர் கட் சொல்ல மறந்திருந்தார். சொன்னபோது மெதுவாகச் சொன்னார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

வெளியே வெயிலில் மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தபடியே இருந்தார். அண்ணன் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பாதத்தில் கயிற்றின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டார். இடது பக்கம் போனவனை, "இந்தப் பக்கம் வாடா, அங்க நின்னா நீ இல்லாதவன்" என்று வலது பக்கத்துக்கு வரச்சொன்னார். முட்டிபோட்டு உட்கார்ந்து முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினேன். மேக்கப்காரர் பூசிய பவுடர் வியர்வையில் கரைந்திருந்தது. அவர் நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் விரல்தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

தொட்டுப் பார்க்கத்தான் கையை நீட்டினார். அது மெதுவாக என் கன்னத்தை நோக்கி வந்தது, வந்து நின்றது. நாற்பத்து மூன்று வருஷமாக நின்று பழகிய இடத்தில், நாலு விரல் முன்னால், அதற்குமேல் போகத் தெரியாமல் நின்றது. வாசலை நோக்கி மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கிவந்தது. அவர் திரும்பவில்லை. நானும் முகத்தை நகர்த்தவில்லை. அந்தக் கையின் சூடு மட்டும் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது.